17 கோடிப் பேருக்கு ஓட்டுப்பெட்டி வைத்தவர்

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள். இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் யார்? சுகுமார் சென்.

சரியான விடைதான். மார்க் கிடைத்துவிடும். ஆனால் அந்த மனிதர் தலைமேல் ஏற்றிக்கொண்ட பாரம் எவ்வளவு என்பது அந்த ஒரு வரியில் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான ஜனங்களை, யாருடைய கையையும் பிடிக்காமல், தானாக வந்து தனியாக நின்று ஓட்டுப் போடும்படி செய்தவர் அவர். அதற்காகச் சில இடங்களில் கண்டிப்பாகவும் நடந்துகொண்டார். அந்தக் கண்டிப்பினால் லட்சக்கணக்கான பெண்கள் ஒரு தேர்தலில் ஓட்டை இழந்தார்கள். அது சரியா, தவறா என்று இன்றுகூட இரண்டு பேர் உட்கார்ந்து வாதாடலாம்.

சென் வங்காளி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். பிறகு கப்பலேறி லண்டன் சர்வகலாசாலைக்குப் போனார். கணக்கில் புலி. தங்கப்பதக்கம் வாங்கியவர். 1921-ல் ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார்.

வங்காள ஜில்லாக்களில் ஜட்ஜாகப் பல வருஷங்கள் இருந்தார். ஊர் ஊராக மாற்றல், கோர்ட்டு, தீர்ப்பு என்று காலம் ஓடியது. சுதந்திரம் வந்தபோது மேற்கு வங்காள சர்க்காரின் தலைமைக் காரியதரிசி ஆனார். அத்தோடு பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1950 ஜனவரி 25-ந் தேதி தேர்தல் கமிஷன் பிறந்தது. மறுநாள் இந்தியா குடியரசாயிற்று. மார்ச் 21-ந் தேதி சென் தலைமைக் கமிஷனராக வந்து உட்கார்ந்தார். கமிஷன் என்றால் அந்த நாளில் அவர் ஒருவர்தான்.

அந்தப் பதவிக்கு ஒரு விசேஷம் உண்டு. மந்திரிகள் நினைத்தால் அவரை எடுத்தெறிய முடியாது. சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜை நீக்குவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் தேர்தல் கமிஷனரை நீக்குவதும். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் களத்தில் இறங்கும்போது நடுவில் நிற்கிறவன் யாருக்கும் பயப்படக் கூடாது என்பதற்காக அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் செய்த ஏற்பாடு அது.

அவசரப்பட்ட பிரதமர்

பிரதம மந்திரி நேருவுக்கு அவசரம். 1951-ம் வருஷம் கோடை வருவதற்குள் தேர்தல் நடந்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஆசையில் தவறில்லை. ஓட்டு வாங்காத சர்க்கார் எத்தனை நாள் நாட்டை ஆள்வது?

ஆனால் கணக்குப் படித்த சென்னுக்குக் கணக்கு உதைத்தது.

வெள்ளைக்காரன் காலத்திலும் தேர்தல் நடந்ததுண்டு. 1935-ம் வருஷச் சட்டப்படி, சொத்து உள்ளவன், வரி கட்டுகிறவன், படித்தவன் ஆகியோருக்கே ஓட்டு. ஜனத்தொகையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டுக் கிடையாது. கூலிக்காரனுக்கு இல்லை. குடிசையில் இருக்கிற பெண்ணுக்கு இல்லை.

புதிய சட்டத்தில் 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு. (18 வயதில் ஓட்டு என்பது 1989-ல்தான் வந்தது.) பண்ணையாருக்கும் ஒன்று, அவர் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் ஒன்று. ஜாபிதாவில் ஏறவேண்டிய பெயர்கள் எத்தனை தெரியுமா? 17 கோடியே 30 லட்சம்!

இந்த 17 கோடிப் பேரும் எங்கே இருக்கிறார்கள்? பாலைவனத்தில் ஒட்டகத்தோடு அலைகிறவன் இருக்கிறான். கடல் நடுவே தீவில் இருக்கிறவன் இருக்கிறான். பாகிஸ்தானிலிருந்து வந்து முகாமில் கிடக்கிற அகதி இருக்கிறான். 1951-ம் வருஷ ஜனக் கணக்குப்படி நூறு பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் சென் வந்து தொடங்கினார் என்று சொல்வது நியாயமாகாது. ஓட்டர் ஜாபிதா தயாரிக்கும் வேலையை, அரசியல் சட்டம் எழுதி முடியும் முன்பே, அரசியல் நிர்ணய சபையின் அலுவலகம் ஆரம்பித்திருந்தது. ராஜ்யங்களில் கணக்கப்பிள்ளைகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஆனால் அந்த மூட்டைகளை எல்லாம் அவிழ்த்து, சரிபார்த்து, அச்சேற்றி, தேர்தலாக நடத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு இவர் மேல் விழுந்தது.

பொறுங்கள் என்றார் சென். பிரதமர் பொறுத்தார். தேர்தல் தள்ளிப் போயிற்று.

ஜாபிதாவைத் தட்டெழுத்தில் அடித்து ஒழுங்கு செய்ய மட்டும் 16,500 குமாஸ்தாக்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த ஆறு மாதச் சம்பளம் பெரிய காரியம்.

பெயர் என்ன, அம்மா?

இங்கேதான் சிக்கல் வந்தது.

நம் பக்கத்தில் மனைவி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைச் சொல்லச் சொல்வாள். வடக்கே பல இடங்களில் நிலைமை இதைவிட ஒரு படி மேலே. வந்து கேட்கிற அந்நிய ஆணிடம் அவள் தன் பெயரையே சொல்ல மாட்டாள்!

இன்னாருடைய தாயார் என்று சொன்னார்கள். இன்னாருடைய பெண்சாதி என்று சொன்னார்கள். எழுத வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் வழக்கம் அது. அவர்களை என்ன சொல்வது?

இப்படி எழுதப்பட்ட பெண்கள் லட்சக்கணக்கில் இருப்பது கமிஷனுக்குத் தெரிய வந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் இந்தக் கதை.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டிருந்தால் யாரும் கோபித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. ஜாபிதா பெரிதாகத் தெரியும், கமிஷனுக்கும் பெருமை.

சென் விடவில்லை. பெயரைக் கேட்டு எழுதுங்கள் என்று உத்தரவு போனது. பீகாரில் இதற்கென்றே ஒரு மாதம் கூடுதலாகத் தவணை கொடுத்தார்கள். அதில் பலர் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை.

தவணை முடிந்தது. பெயர் சொல்லாதவர்கள் ஜாபிதாவிலிருந்து எடுக்கப்பட்டார்கள். எத்தனை பேர்? 28 லட்சம் பேர்!

பதியவேண்டிய பெண்கள் ஏறக்குறைய 8 கோடி. அதில் 28 லட்சம் பேருக்கு, சுதந்திர நாட்டின் முதல் தேர்தலில், ஓட்டு இல்லை என்றாகிவிட்டது. பலத்த கூச்சல் எழுந்தது. ஓட்டுரிமை கொடுத்த கையாலேயே பிடுங்கலாமா என்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் சொல்லாதது அந்தப் பெண்களின் குற்றமா? தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் அல்லவா?

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ராமுவின் தாயார் என்று ஜாபிதாவில் இருந்தால், சாவடிக்கு வருகிறவள் எந்த ராமுவின் தாயார் என்று யார் கண்டார்கள்? ஒரு தெருவில் மூன்று ராமு இருந்தால்? ஒருத்தி பெயரில் இன்னொருத்தி ஓட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். அதைவிடப் பெரிய விஷயம், ஓட்டு ராமுவுக்கு அல்ல, அவளுக்கு. அவள் யாருக்கும் தாயாராக இல்லாவிட்டாலும், யாருக்கும் பெண்சாதியாக இல்லாவிட்டாலும், அந்த ஓட்டு அவளுடையதுதான்.

இந்தக் கூச்சல் நல்லதற்கே, அடுத்த தேர்தலுக்குள் வழக்கம் மாறும் என்று சென் எண்ணினார். அவர் எண்ணம் வீண்போகவில்லை. 1957-ம் வருஷத் தேர்தலுக்குள் விட்டுப்போன பெண்களில் பெரும்பாலோர் பெயர் சொல்லிச் சேர்ந்துவிட்டார்கள். நாமும் அவர் பக்கமே நிற்கிறோம். ஆனால் 1952-ல் சாவடிக்குப் போகாமல் வீட்டிலிருந்த அந்த 28 லட்சம் பேரின் நஷ்டம் நஷ்டம்தான். அதையும் மறக்கக் கூடாது.

எழுத்துத் தெரியாதவனுக்கு எப்படி ஓட்டு?

அடுத்த கேள்வி இது. அபேட்சகர் பெயரை அச்சடித்துக் கொடுத்தால் எப்படிப் படிப்பான்? பக்கத்தில் இருக்கிறவனைக் கேட்டால் ரகசியம் போயிற்று. ரகசியம் போனால் ஓட்டே போயிற்று. பண்ணையாரின் ஆள் சொல்கிற இடத்தில்தான் போடுவான்.

அதற்குப் படம்தான் மருந்து என்று முடிவாயிற்று. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம். கிராமத்து ஜனங்கள் தினம் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. சோஷலிஸ்டு கட்சிக்கு மரம். கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. கம்யூனிஸ்டு கட்சிக்குக் கதிரும் அரிவாளும். ஜனசங்கத்துக்கு விளக்கு. டாக்டர் அம்பேத்கரின் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்துக்கு யானை. காங்கிரசின் கைச் சின்னத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி: அந்த முதல் தேர்தலில் கை வேறொரு கட்சிக்கு இருந்தது. பார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவுக்கு!

ஓட்டுப் போடும் முறையும் இன்றுபோல் அல்ல. ஓட்டுச் சீட்டு ஒரு ரூபாய் நோட்டு அளவுதான் இருக்கும். அதில் பெயரும் கிடையாது, படமும் கிடையாது. மறைப்புக்குப் பின்னால் வரிசையாக இரும்புப் பெட்டிகள். ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். ஓட்டர் உள்ளே போவார். தனக்குப் பிடித்த படம் உள்ள பெட்டியில் சீட்டைப் போடுவார். திரும்பி வருவார். பேனாவும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம்.

சுலபமான முறை. ஆனால் பெட்டிக் கணக்கைப் பாருங்கள்! ஐந்து பேர் நின்றால் ஐந்து பெட்டி. லோக்சபைக்கு வேறு, சட்டசபைக்கு வேறு. லோக்சபையில் 489 ஸ்தானங்கள். சட்டசபைகளில் மூவாயிரத்துக்கும் மேல். சாவடிகளோ ஏறக்குறைய இரண்டு லட்சம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தேவைப்பட்டன. அதற்கு 8,200 டன் எஃகு பிடித்தது. பம்பாயில் கோத்ரெஜ் கம்பெனியார் பீரோ செய்கிற கையோடு ஓட்டுப்பெட்டி செய்து தள்ளினார்கள்.

ஒருவனே இரண்டு தடவை வந்தால்? அதற்கு அழியாத மை. விரலில் வைத்தால் பல நாள் ஆனாலும் போகாது. அந்தத் தேர்தலில் செலவான மைக் குப்பிகள் 3,89,816. சென்னின் ஆபீஸ் குப்பியைக்கூட ஒன்று விடாமல் எண்ணி வைத்திருந்தது.

ஓட்டுப் போடுவது எப்படி என்று ஒரு படம் எடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சினிமாக் கொட்டகைகளில் காட்டினார்கள். ரேடியோவில் பேசினார்கள். பல ஊர்களில் ஒத்திகைத் தேர்தலும் நடந்தது.

பனிக்கு முன்னால் ஓட்டு

முதல் ஓட்டு எங்கே விழுந்தது? டெல்லியில் அல்ல. இமயமலை மேலே, இமாசலப் பிரதேசத்தில் சினி என்ற தாலுகாவில். இன்று அந்த இடத்துக்குக் கல்பா என்று பெயர்.

குளிர்காலம் வந்தால் அங்கே பனி மூடிவிடும். வழி அடைபடும். ஆகவே மற்ற இடங்களுக்கு முன்பே, 1951 அக்டோபர் 25-ந் தேதி அங்கே ஓட்டெடுப்பு ஆரம்பமாயிற்று. ஷியாம் சரண் நேகி என்ற பள்ளி ஆசிரியர் அன்று ஓட்டுப் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் ஓட்டர் என்று அவரைக் கொண்டாடினார்கள். நூறு வயதைத் தாண்டியும் தவறாமல் ஓட்டுப் போட்டுவந்த அவர் 2022 நவம்பரில் காலமானார்.

மலைக்காரர்கள் ஓட்டுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளில் ஓட்டெடுப்பு 1952 பிப்ரவரி வரை நடந்தது. அந்தத் தொகுதியில் ஜெயித்தவர் ராஜகுமாரி அம்ருத் கவுர். நேருவின் மந்திரிசபையில் சுகாதார மந்திரியாக இருந்த அம்மையார்.

மொத்தம் நான்கு மாதம்! ஆற்றைக் கடக்கப் பாலம் போட்டு பெட்டிகளைக் கொண்டுபோன இடமும் உண்டு. தீவுகளுக்குக் கப்பற்படைக் கப்பல் போயிற்று. பெண்களுக்கென்றே தனிச் சாவடிகள் வைத்தார்கள். பெட்டியைக் கண்டதும் சாமியைக் கண்டதுபோல் கும்பிட்டவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம். பரம்பரையாக எவரும் தன்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. இன்று சர்க்கார் பெட்டி வைத்துக் கேட்கிறது. கை தானாகக் கூப்பும்.

தேர்தலுக்கு முன்பு 14 கட்சிகளை அகில இந்தியக் கட்சிகள் என்று கமிஷன் ஒப்புக்கொண்டிருந்தது. ஓட்டை எண்ணிய பிறகு, நூற்றுக்கு 3 ஓட்டாவது வாங்கியிருக்க வேண்டும் என்று சென் அளவுகோல் வைத்தார். தேறியவை நான்கு. காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்டு, கம்யூனிஸ்டு, ஜனசங்கம். மற்றவை அகில இந்திய அந்தஸ்தை இழந்தன. தலைவர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்கவில்லை; எத்தனை ஓட்டு என்று பார்த்தார்.

சூடானுக்குப் போனார்

இந்தியத் தேர்தல் முடிந்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. சூடான் அப்போது பிரிட்டனும் எகிப்தும் சேர்ந்து ஆண்ட தேசம். 1953-ல் இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, சூடானியருக்குத் தேர்தல் நடத்தச் சம்மதித்தார்கள். நடத்துகிற கமிஷனில் ஏழு பேர். சூடானியர் மூவர், பிரிட்டிஷார் ஒருவர், எகிப்தியர் ஒருவர், அமெரிக்கர் ஒருவர். இவர்களுக்கு நடுவே தலைவராக உட்கார ஒருவர் வேண்டுமே? இந்தியாவின் சுகுமார் சென் போனார்.

அங்கே சில தொகுதிகளில் நேர்த் தேர்தல், சிலவற்றில் மறைமுகத் தேர்தல். படித்த பட்டதாரிகளுக்கென்று தனியாக 5 ஸ்தானம் ஒதுக்கியிருந்தார்கள். படித்தவனும் படிக்காதவனும் சரிசமமாக வரிசையில் நின்ற தேர்தலை நடத்திவிட்டுப் போன சென்னுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்! இருந்தாலும் சட்டம் சொன்னபடி நடத்திக் கொடுத்தார். 1956 ஜனவரி முதல் தேதி சூடான் சுதந்திரம் அடைந்தது.

1954-ல் பத்மபூஷண் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அவருக்கும் கிடைத்தது.

இரண்டாம் தடவை

1957-ல் இரண்டாவது பொதுத்தேர்தல். அதற்கும் அவரேதான். இந்தத் தடவை பெரும்பாலான இடங்களில் மூன்று வாரத்தில் காரியம் முடிந்தது. புதிதாகப் பெட்டி செய்ய வேண்டிய செலவு பெரும்பாலும் மிச்சம். முதல் தேர்தல் முடிந்ததும் பழைய பெட்டிகளைப் பத்திரப்படுத்தச் சொல்லியிருந்தார் சென். மறுபடி துடைத்து எடுத்துக்கொண்டார்கள். சில கோடி ரூபாய் மிஞ்சியது. வீட்டுக்கு விசேஷ நாளில் வாங்கிய அண்டா குண்டாவைப் பரணில் ஏற்றி வைக்கிற குடும்பத் தலைவியின் புத்தி!

அந்தத் தேர்தலில்தான் கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்து மந்திரிசபை அமைத்தார்கள். டெல்லியை ஆள்கிற கட்சி ஒன்று. கேரளத்தில் ஓட்டுப்பெட்டி சொன்ன கட்சி வேறொன்று. பெட்டி சொன்னதே நடந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சென்னின் தம்பி அசோக் குமார் சென் பெரிய வக்கீல். அதே 1957-ல் காங்கிரஸ் அபேட்சகராகக் கல்கத்தாவில் நின்று ஜெயித்து, மத்திய சட்ட மந்திரி ஆனார். தம்பி பந்தயத்தில் ஓடுகிறவர். அண்ணன் கொடி பிடித்து நிற்கிறவர். அண்ணனுக்கு அது எவ்வளவு தர்மசங்கடமாக இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

பெட்டி முறையில் ஓட்டை இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். மறைப்புக்குள் போனவன் சீட்டைப் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வரலாம். வெளியே நிற்கிற தரகனிடம் விற்கலாம். தரகன் பத்துச் சீட்டைச் சேர்த்து வேறொருவனிடம் கொடுத்து ஒரே பெட்டியில் போடச் சொல்லலாம். இதைத் தடுக்க, எல்லாச் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சடித்து முத்திரை குத்தும் முறை பின்னால் வந்தது. 1962-ம் வருஷப் பொதுத்தேர்தலில் பெரும்பாலான இடங்களில் அந்த முறைதான். அதை நடத்தியவர் சென்னுக்கு அடுத்துக் கமிஷனராக வந்த கே.வி.கே. சுந்தரம்.

1958 டிசம்பரில் சென் பதவியை விட்டு இறங்கினார். 1960 ஜூன் 15-ந் தேதி மேற்கு வங்காளத்தில் பர்த்வான் சர்வகலாசாலை திறந்தபோது அவர்தான் முதல் துணைவேந்தர். பர்த்வான் மகாராஜாவின் அரண்மனையிலே சர்வகலாசாலை நடந்தது. ராஜா இருந்த இடத்தில் பிள்ளைகள் புத்தகத்தோடு நுழைந்தார்கள். அதற்குச் சில வருஷங்களுக்குள் சென் காலமானார்.

அவர் சுயசரிதை எழுதவில்லை. தம்மைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவரும் அல்ல. கமிஷனராக இருந்தபோது எழுதிய தேர்தல் அறிக்கைகள்தான் மிச்சம். முதல் பொதுத்தேர்தலைப் பற்றிய அறிக்கை 1955-ல் வெளிவந்தது. எஃகுப் பெட்டி எத்தனை, சாவடி எத்தனை என்று எல்லாம் கணக்குத்தான். ஜாபிதாவிலிருந்து எடுக்கப்பட்ட அந்த 28 லட்சம் பெண்களின் கணக்கையும் அவர் மறைக்கவில்லை. அதே அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்.